பாதியில் நின்ற வேதவாசிப்பு

எங்கள் சபைச் செயலாளர் ஒரு பெண்ணின் வேதவாசிப்பைப் பாதியில் நிறுத்தினார். அவளுடைய வீட்டிலேயே, அவளுடைய அம்மா விரித்த பாயில் உட்கார்ந்துகொண்டு நிறுத்தினார். இதை அவருடைய முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டேன். அவர் பதில் சொல்லவில்லை. அதனால் எழுதுகிறேன்.

நான் அரசுப் பேருந்து ஓட்டியவன். மைசூருக்கும் நஞ்சன்கூட்டுக்கும் இடையே போய் வந்தே வேலைக்காலம் தீர்ந்தது. வேதாகமக் கல்லூரிப் பக்கம் போனதில்லை. நாசூக்காகப் பேச வராது, ஹாரன் அடித்துப் பழகிய கை. இப்படிப்பட்டவனைப் பிடித்துக் காலைத் தியானம் சொல்லச் சொன்னவர் எங்கள் போதகர். அவருக்கு இரண்டு சபைகள். தினமும் காலையில் மைசூருக்கு வர அவரால் முடியாது.

எங்கள் தமிழ்ச் சபையில் ஒரு வழக்கம் உண்டு. ஈஸ்டர் முடிந்த மறுநாளிலிருந்து பெந்தெகொஸ்தே வரைக்கும், ஏழு வாரம், தினமும் காலையில் ஏதாவது ஒரு வீட்டில் கூடுவோம். வேலைக்குப் போவதற்கு முன்னால் அரை மணி நேரம். இயேசு பரமேறிய பிறகு முதல் விசுவாசிகள் எப்படிச் சேர்ந்து வாழ்ந்தார்கள், எப்படிச் சாப்பிட்டார்கள், எப்படி அடித்துக்கொண்டார்கள் என்பதை வரிசையாக வாசிப்போம். எந்த வீட்டில் கூடுகிறோமோ அந்த வீட்டு ஆள்தான் வாசிக்க வேண்டும். மாமனாரோ மருமகளோ, யாராக இருந்தாலும் சரி, வெளியாள் கூடாது. வாசிப்பு முடிந்ததும் நான் கொஞ்சம் பேசுவேன். ஒரு ஜெபம், ஒரு காபி, அதோடு கலைவோம். இரவு டியூட்டி முடித்த நர்சுகள் யூனிஃபார்மோடு வருவார்கள். பள்ளிக்கூடத்து டீச்சர்கள் டிபன் பாக்ஸோடு வருவார்கள். மார்க்கெட்டில் கடை வைத்திருக்கும் ஒருவர் ஷட்டர் சாவியை விரலில் சுழற்றிக்கொண்டே ஆமென் சொல்வார்.

நல்ல வழக்கம். ஆனால் சில வருஷமாக வீடு கிடைப்பது கஷ்டமாகிவிட்டது. கேட்டால் ஒருவர் வீட்டில் பெயிண்டிங் நடக்கிறது என்பார். இன்னொருவர் வீட்டில் தண்ணீர் வரவில்லை. இன்னொருவருக்கு மாமியாருக்குச் சுகமில்லை, அந்த மாமியாரை நானே சாயங்காலம் ரேஷன் கடையில் பார்ப்பேன். விசுவாசம் குறைந்துபோய்விட்டது என்று செயலாளர் ஒவ்வொரு ஞாயிறும் அறிவிப்பு நேரத்தில் வருத்தப்பட்டார். வாலிபப் பிள்ளைகளைச் சபைக்குக் கொண்டுவாரும் என்று நாங்கள் எல்லாரும் வாரா வாரம் ஜெபித்தோம்.

காரணம் எங்கள் கண் முன்னாலேயே இருந்தது. மைசூரில் பிறந்து வளர்ந்த எங்கள் பிள்ளைகளுக்குத் தமிழ் பேச வரும், வாசிக்க வராது. பள்ளிக்கூடத்தில் கன்னடமும் ஆங்கிலமும்தான். கீர்த்தனைகளை மனப்பாடமாகப் பாடிவிடுவார்கள். புத்தகத்தைக் கையில் கொடுத்தால் கண் ஓடாது. ஊர் முன்னால் தன் பிள்ளை திக்கித் திணறுவதை எந்தத் தாய் விரும்புவாள்? அதனால்தான் பெயிண்டிங். அதனால்தான் தண்ணீர் வரவில்லை.

இந்த வருஷம் தானாக முன்வந்து வீட்டைக் கொடுத்தவள் ஒரு விதவை. கொள்ளேகால் பக்கத்துக்காரி. கணவன் நஞ்சன்கூட்டில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்தான், என் பஸ்ஸில் வந்து போவான். அவன் இறந்த பிறகு இவள் ஒரு ஹாஸ்டலில் சமையல் செய்து மகளைப் படிக்க வைத்தாள். இவளுக்கு எந்த எழுத்தும் தெரியாது. மகள் டிகிரி முடித்துவிட்டு தேவராஜ மொஹல்லாவில் ஒரு சேலைக்கடையில் பில் போடுகிறாள். அவளுக்குக் கன்னட எழுத்து தெரியும், தமிழ் எழுத்து தெரியாது.

அந்தப் பெண் என்ன செய்தாள் தெரியுமா? தமிழ் வேதத்தை யாரோ வாசித்துப் பதிவு செய்ததைப் போனில் கேட்டாள். பஸ்ஸில் கடைக்குப் போகும்போதும் வரும்போதும் காதில் மாட்டிக்கொண்டு, நிறுத்தி நிறுத்திக் கேட்டு, தமிழ் வசனத்தைக் கன்னட எழுத்தில் அடித்து வைத்துக்கொண்டாள். ஒரு வார்த்தை மாற்றவில்லை. எழுத்து மட்டும் அவளுடைய பள்ளிக்கூடத்து எழுத்து.

முந்தின ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து கோயில் வாசலில் என்னைப் பிடித்தாள்.

"அங்கிள், ஸ்வல்ப நேரம் இருக்கா? நான் வாசிக்கிறேன், தப்பு இருந்தா சொல்லுங்க."

வாசித்தாள். சுத்தமாக இருந்தது.

"ழகரம் மட்டும் உருண்டு ஓடுது" என்றேன்.

"அது அம்மாக்கும் ஓடும் அங்கிள்."

"தமிழ்நாட்டுல பாதிப் பேருக்கு ஓடும். நீ வாசி."

அந்த நாளுக்கு விழுந்த பகுதி எது என்பதைச் சொல்ல வேண்டும். எருசலேம் சபையில் முதன்முதலாக எழுந்த முறுமுறுப்பு அது. சபையில் இரண்டு வகை ஆட்கள் இருந்தார்கள். ஊர்க்காரர்கள் எபிரெயம் பேசினார்கள். வெளியூர்களிலிருந்து வந்தவர்கள் கிரேக்கம் பேசினார்கள். எல்லாரும் ஒரே விசுவாசம், ஒரே பந்தி. ஆனால் தினமும் சாப்பாடு பகிரும்போது கிரேக்கம் பேசிய விதவைகள் மட்டும் விடுபட்டுப் போனார்கள். யாரும் வேண்டுமென்று செய்ததாக வேதம் சொல்லவில்லை. விடுபட்டுப் போனார்கள், அவ்வளவுதான்.

விதவையின் வீட்டில் விதவைகளின் பகுதி. நாங்கள் யாரும் திட்டமிட்டதல்ல, வரிசையில் விழுந்தது.

வீடு முதல் மாடியில், ஒரே அறையும் சமையல்கட்டும். கட்டிலை நிமிர்த்திச் சுவரில் சாய்த்துவிட்டுப் பாய் விரித்திருந்தாள். சமையல்கட்டிலிருந்து அரிசி மாவில் தட்டும் அக்கி ரொட்டி வாசனை வந்தது. செயலாளர் ஜன்னலோரம் உட்கார்ந்தார். அவர் கல்லூரியில் பேராசிரியராக இருந்தவர். நல்ல தமிழ், நல்ல குரல். அவரைப் பற்றி நியாயமாகவும் ஒன்று சொல்லிவிடுகிறேன். தமிழ் ஆராதனைக்கு ஆள் குறைகிறது, மத்தியான நேரத்துக்குத் தள்ளிவிடலாம் என்று ஒரு காலத்தில் பேச்சு வந்தபோது, அதை எதிர்த்து நின்று காலை நேரத்தைக் காப்பாற்றியவர் அவர்தான். இன்றைக்கு நான் காலையில் தமிழில் பாடுகிறேன் என்றால் அதில் அவருக்குப் பங்கு உண்டு. அதனால்தான் கோபம் இன்னும் கூடுகிறது.

பெண் எழுந்து நின்று போனைப் பார்த்து வாசிக்க ஆரம்பித்தாள். சீஷர்கள் பெருகினார்கள் என்ற இடம் தாண்டி, முறுமுறுப்பு என்ற இடத்துக்கு வந்தாள். செயலாளர் கையை உயர்த்தினார்.

"நிறுத்தும்மா. வேதம் எங்க?"

"போன்ல இருக்கு அங்கிள்."

அவர் எட்டிப் பார்த்தார். "இது கன்னடம்ல?"

"எழுத்துதான் அங்கிள் கன்னடம். வசனம் தமிழ்தானே."

"தமிழ் வேதத்தைத் தமிழ் எழுத்துல வாசிக்கணும். தெரியலைன்னா தெரிஞ்சவங்ககிட்ட குடுக்கணும். இன்னிக்கு எழுத்தை விட்டா நாளைக்குப் பேச்சையும் விட்டுருவோம். உட்காரு, ஒண்ணும் தப்பில்ல. அடுத்த வருஷம் கத்துக்கிட்டு வா."

அவள் உட்கார்ந்தாள். போனைக் கவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டாள். அவர் தன் பெரிய வேதத்தைத் திறந்து, வெளியாள் கூடாது என்ற வழக்கத்தையும் மறந்து, மீதியை வாசித்தார். அருமையாக வாசித்தார். வேறு மொழி பேசிய விதவைகள் அன்றாடப் பந்தியில் கவனிக்கப்படாமல் போனார்கள் என்பதை, ஒரு விதவையின் வீட்டில், அவள் மகளை உட்கார வைத்துவிட்டு, ஏற்ற இறக்கத்தோடு வாசித்து முடித்தார். சமையல்கட்டு வாசலில் அந்த அம்மா கரண்டியோடு நின்றிருந்தாள்.

அடுத்தது என் தியானம். நான் எழுந்து, "சார், இப்ப வாசிச்சது உங்க காதுல விழுந்துச்சா?" என்று கேட்டேன்.

"தியானத்தைச் சொல்லுங்க. சண்டையை வெளியில வச்சுக்கலாம்" என்றார்.

"அதான் சார் தியானம். என்கிட்ட வேற இல்ல."

உட்கார்ந்துவிட்டேன். யாரோ அவசரமாக ஜெபித்து முடித்தார்கள். அக்கி ரொட்டி வந்தது. சட்னி நன்றாக இருந்தது என்று ஒருவர் சொன்னார். அந்தப் பெண் எல்லாருக்கும் தண்ணீர் ஊற்றினாள், செயலாளருக்கும் ஊற்றினாள்.

அடுத்த ஞாயிறு அவர்கள் இரண்டு பேரும் கோயிலுக்கு வரவில்லை. சாயங்காலம் போய்ப் பார்த்தேன். பெண் கடையில் இருந்தாள். அம்மா மட்டும் இருந்தாள்.

"வாங்கண்ணா. உக்காருங்க. காபி போடட்டுங்களா?"

"காபி இருக்கட்டும். இன்னிக்கு ஏன் வரல?"

"புள்ளை கன்னடச் சபைக்குப் போறேங்குதுங்க. போன வாரமே கடையில கூட வேலை பாக்கற ஒருத்தி கூப்பிட்டிருக்கா. அங்க வேதம் படிக்கச் சொல்றாங்களாமுங்க. நிமிந்து நின்னு படிக்கலாம்ல?"

"நல்லதுதான். நீயும் போறியா?"

அவள் முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டாள். "போயிப் பாத்தனுங்க, இன்னிக்கு. எல்லாம் நல்ல மனுசங்கதான். கன்னடம் எனக்குப் புரியாமலா? ஹாஸ்டல்ல நாளெல்லாம் அதுதானுங்களே. ஆனா கண்ண மூடுனா ஜெபம் வரமாட்டேங்குதுங்க. அரிசி எத்தனை கிலோன்னு கேக்கற பாசையில ஆண்டவர்கிட்ட அழுவறதுக்கு எனக்குத் தெரியலீங்கண்ணா."

"அப்ப நீ இங்க வா."

"அவளை அங்க வுட்டுப்போட்டு நான் இங்க வாரதுங்களா? அவங்கப்பன் போனதுல இருந்து எந்த ஞாயித்துக்கெளமையும் நாங்க தனித்தனியா உக்காந்ததில்லீங்க."

தாயும் மகளும் ஒரே பெஞ்சில் உட்கார ஓர் இடம் இந்த ஊரில் இருக்கிறதா இல்லையா, அதுதான் கேள்வி. மகளை அங்கே விட்டுவிட்டு இவள் இங்கே வந்தால் நாங்கள் என்ன சபை?

மறுநாள் காலை கூட்டம் ஒரு நர்ஸ் வீட்டில். அன்றைக்கு விழுந்த பகுதி கதவைத் தட்டும் பகுதி. எனக்கு அதைவிடப் பிடித்த பகுதி வேதத்தில் இல்லை. அப்போஸ்தலன் ஒருவன் சிறையில் இருக்கிறான். ஒரு வீட்டில் எல்லாரும் கூடி அவன் விடுதலைக்காக ஊக்கமாக ஜெபிக்கிறார்கள். அவன் விடுதலையாகி அதே வீட்டுக்கு வந்து கதவைத் தட்டுகிறான். வேலைக்காரப் பெண் போய்ப் பார்க்கிறாள். குரலை அடையாளம் கண்டுகொள்கிறாள். சந்தோஷத்தில் கதவைத் திறக்க மறந்துவிட்டு உள்ளே ஓடி, வந்துவிட்டார் என்கிறாள். ஜெபித்துக்கொண்டிருந்தவர்கள் அவளைப் பார்த்து என்ன சொன்னார்கள்? உனக்குப் பைத்தியம் என்றார்கள். எதற்காக ஜெபித்தார்களோ அது வாசலில் நின்று தட்டிக்கொண்டே இருந்தது.

நான் சொன்னேன்: "வாலிபப் பிள்ளைகளைக் கொண்டுவாரும்னு வாரா வாரம் கேக்குறோம். கொண்டுவந்தார். மாடி வீட்டுல ஒரு பிள்ளை போனைக் கையில வச்சுக்கிட்டு நின்னுச்சு. உட்காருன்னு சொல்லிட்டோம். இன்னொண்ணு பாத்தீங்களா? அந்த வேலைக்காரப் பெண்ணோட பேரை வேதம் எழுதி வச்சிருக்கு. அவளைப் பைத்தியம்னு சொன்ன பெரிய மனுஷங்க ஒருத்தர் பேரும் அங்க இல்ல. நம்ம பேரு எதுல வரணும்னு யோசிச்சுக்கோங்க. ஆமென்."

செயலாளர் அன்றைக்கு வந்திருந்தார். காபி குடிக்காமல் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

அவர் போனதும் அந்த நர்ஸ் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். இரவு முழுக்க நின்ற கால், சுடுநீர்ப் பையை முழங்காலில் வைத்துக்கொண்டே பேசினாள்.

"அண்ணா, போன வருஷம் எங்க வீட்ல பெயிண்டிங்னு சொன்னேன்ல?"

"ஆமா. சுவத்தைப் பாத்தா அப்படித் தெரியல."

"பொய்ண்ணா. இந்த வருஷம் நான் வாசிச்சேன். நான் டியூட்டில இருந்தா யாரு வாசிப்பா? பையனுக்கு எழுத்து வராது."

அவள் சொன்னதும் பக்கத்தில் இருந்த டீச்சர், தன் வீட்டிலும் அதே கதைதான் என்றாள். ஷட்டர் சாவிக்காரர் சாவியைச் சுழற்றுவதை நிறுத்திவிட்டு, "எங்க வீட்ல ரெண்டும் அப்படித்தான். மாமியாருக்கு ஒண்ணுமில்ல, கல்லு மாதிரி இருக்காங்க" என்றார். எல்லாரும் சிரித்துவிட்டோம். இத்தனை வருஷம் ஒரே பொய்யை, ஆளுக்கு ஒரு காரணம் ஒட்டி, ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறோம்.

அன்று சாயங்காலமே நான் சேலைக்கடைக்குப் போனேன். பில் போடும் மேசைக்கு முன்னால் வரிசையில் நின்றேன். என் முறை வந்தது.

"அங்கிள், சேலை எங்க?"

"சேலை வேணாம். நீ அடிச்சு வச்சிருக்கியே, அதை மத்த பிள்ளைங்களுக்கு அனுப்பு. மிச்சப் பகுதிகளையும் ஆளுக்கு ஒண்ணா பிரிச்சுக் கேட்டு அடிங்க."

"பேடா அங்கிள், வேணாம். மறுபடி திட்டு வாங்க முடியாது."

"திட்டு எனக்கு வரட்டும். எனக்கு டிராஃபிக்ல பழக்கம்."

பின்னால் நின்ற அம்மாள் என் முதுகில் சேலையால் இடித்தாள். "யோசிக்கிறேன்" என்று சொல்லி அந்தப் பெண் என்னை அனுப்பிவிட்டாள்.

இரண்டு நாள் கழித்து டீச்சர் வீட்டுக் கூட்டம். டீச்சரின் மகன் எழுந்து போனைப் பார்த்து வாசித்தான். அவன் சபைக்கு வந்தே நாளாகியிருந்தது. அவனுக்கு அந்தப் பகுதியை அனுப்பியது யார் என்று நான் கேட்கவில்லை. அடுத்தடுத்த காலைகளில் நர்ஸ் மகன், ஷட்டர் சாவிக்காரரின் இரண்டு பிள்ளைகள் என்று வந்தார்கள். வாசித்தார்கள். தப்பாக ஒருவன் வாசித்தால் இன்னொருவன் திருத்தினான். வாசித்ததற்கு அர்த்தம் கேட்டார்கள், எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன், தெரியாததைத் தெரியாது என்றேன். போதகரிடம் சொன்னபோது, "நல்ல காரியம். ஆனா செயலாளர்கிட்டயும் ஒரு வார்த்தை பேசித் தீர்த்துக்கலாம்" என்றார். அவர் எல்லாவற்றையும் பேசித் தீர்த்துக்கொள்ளலாம் என்பவர். பேச மட்டும் மாட்டார்.

பெந்தெகொஸ்தேவுக்கு முந்தின காலை, கடைசிக் கூட்டத்தை அந்த விதவை வீட்டிலேயே வைத்தோம். பாதியில் நின்ற பகுதியை முதலிலிருந்து வாசிப்பது என்று முடிவு. அறை நிறைந்து, மாடிப்படியெல்லாம் ஆட்கள் உட்கார்ந்துவிட்டார்கள். அந்தப் பெண் எழுந்து நின்று, முறுமுறுப்பு வந்த இடத்தையும் தாண்டி வாசித்தாள். கீழ்வீட்டுக்கார அம்மாள், வீட்டுச் சொந்தக்காரி, படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். தமிழ் தெரியாதவள். முடிந்ததும், "நிம்ம மகளு எஷ்டு சென்னாகி ஓதுத்தாளே" என்றாள். உங்கள் மகள் எவ்வளவு நன்றாக வாசிக்கிறாள் என்று அர்த்தம். கரண்டியோடு நின்ற தாயால் அதற்குமேல் நிற்க முடியவில்லை, உள்ளே போய்விட்டாள்.

அந்தப் பகுதியின் முடிவைத்தான் அன்றைக்குத் தியானித்தோம். முறுமுறுப்பு எழுந்தபோது அப்போஸ்தலர்கள் என்ன செய்தார்கள்? கேள்வி கேட்டவர்களை உட்காரச் சொல்லவில்லை. எபிரெயம் கற்றுக்கொண்டு அடுத்த வருஷம் வாருங்கள் என்று சொல்லவில்லை. சபையைக் கூட்டினார்கள். பந்தியைக் கவனிக்க ஏழு பேரைத் தேர்ந்தெடுக்கச் சொன்னார்கள். அந்த ஏழு பேரின் பெயர்களையும் பாருங்கள், அத்தனையும் கிரேக்கப் பெயர்கள். எந்தப் பக்கத்து விதவைகளுக்குச் சாப்பாடு போகவில்லையோ, அந்தப் பக்கத்து ஆட்களின் கையிலேயே முழுப் பந்தியையும் கொடுத்துவிட்டார்கள். எபிரெய விதவைகளுக்கும் இனிமேல் அவர்கள்தான் பரிமாறுவார்கள். அவ்வளவு நம்பிக்கை. அதற்கு அடுத்த வரியிலேயே சபை பெருகியது என்று வருகிறது.

எங்கள் சபையும் பெருகியது. மறுநாள் பெந்தெகொஸ்தே ஆராதனையில் தாயும் மகளும் பழைய பெஞ்சில் சேர்ந்து உட்கார்ந்தார்கள். அவர்களுக்குப் பின்னால் இரண்டு வரிசை வாலிபப் பிள்ளைகள். நான் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன், என் மனைவி கையில் கிள்ளினாள்.

ஆராதனை முடியும் நேரத்தில் செயலாளர் அறிவிப்பு வாசித்தார். அடுத்த வருஷத்திலிருந்து காலைத் தியானம் வீடுகளில் நடக்காது, கோயில் ஹாலில் மட்டும் நடக்கும், தமிழ் எழுத்து வாசிக்கத் தெரிந்தவர்களைக் கமிட்டியே வாசிக்க நியமிக்கும், இது கமிட்டியின் முடிவு. அறிவிப்பு நேரத்தில் யாரும் கேள்வி கேட்கக் கூடாது என்பது எங்கள் ஒழுங்கு. நாங்கள் எல்லாரும் ஒழுங்காக உட்கார்ந்திருந்தோம். அந்தப் பழைய பெஞ்சிலிருந்து மகள் எழப் போனாள். தாய் அவள் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார வைத்தாள். நானும் பார்த்தேன், செயலாளரும் பார்த்தார்.

அந்தப் பிள்ளைகள் இப்போது ஒருவருக்கொருவர் தமிழ் எழுத்து சொல்லிக்கொடுக்கிறார்கள். யாரும் சொல்லிச் செய்யவில்லை. வாசித்த ருசி அப்படி. ஷட்டர் சாவிக்காரரின் மகள் கடைப் பலகையில் சாக்பீஸால் எழுதிப் பழகுகிறாள். சார், நீங்கள் ஆசைப்பட்டது நடக்கிறது. உங்கள் வழியில் நடக்கவில்லை, அவ்வளவுதான். வாசிக்க விட்டதால் கற்றுக்கொள்கிறார்கள். கற்றுக்கொண்ட பிறகுதான் வாசிக்கலாம் என்று சொல்லியிருந்தால் இரண்டும் நடந்திருக்காது. வாசிப்பை ஹாலுக்குத் தூக்கிக்கொண்டு போய்ப் பூட்டப் போகிறீர்கள். அந்தப் பெஞ்சு மறுபடி பாதி காலியாகும். அந்தத் தாய் எந்தப் பாதியில் உட்காருவாள்?

அறுப்பின் பண்டிகை முடிந்ததும் சபைக்கூட்டம் வருகிறது. அங்கே கேள்வி கேட்கலாம், அதுவும் நம் ஒழுங்குதான். என்னிடம் தனியாகப் பேச வேண்டாம். போதகர் வழியாகச் சொல்லி அனுப்ப வேண்டாம். அன்றைக்கு மைக் முன்னால் வந்து நில்லுங்கள். தாயும் மகளும் முதல் பெஞ்சில் இருப்பார்கள், நானே இடம் போட்டு வைப்பேன். ஆண்டவருடைய வசனத்தை ஒரு வார்த்தை மாற்றாமல் வாசித்த பெண்ணை எந்த வசனத்தின்படி உட்கார வைத்தீர்கள்? வேதவாசிப்பை அந்தப் பிள்ளைகளின் கையில் கொடுக்கப் போகிறீர்களா, இல்லையா? சபை முழுக்கக் கேட்கும்படி, அவர்கள் முகத்தைப் பார்த்து, பதில் சொல்லுங்கள்.